மொந்தெசாலோவின் கருப்பு அவரை

மொந்தெசாலோ
14 அக்டோபர் 2012

அன்புள்ள ஞானத்தந்தைக்கு,

மின்னஞ்சல் அனுப்பினால் பதில் போடமாட்டேன், கையால் எழுதினால் எத்தனை பக்கமானாலும் படிப்பேன் என்று மிலானுக்குக் கிளம்பும்போது சொன்னீர்கள். அதனால்தான் இந்தக் கடிதம்.

இந்த வருடக் கட்டுரைப் போட்டிக்குப் பள்ளியில் என்னைத் தேர்ந்தெடுத்திருக்கிறார்கள். தலைப்பு நீங்கள் வைத்ததுதான்: 'நம் அறக்கட்டளையின் வரலாறு.' நீங்கள் அறக்கட்டளையின் தலைவர், நான் உங்கள் ஞானமகள். அதனால் எனக்குச் சலுகை கிடைத்தது என்று வகுப்பில் பேசிக்கொள்கிறார்கள். அவர்கள் வாயை அடைக்க ஒரே வழி நன்றாக எழுதுவதுதான்.

அறக்கட்டளை மாளிகையின் பழைய ஆவண அறையைத் திறந்துவிடச் சொன்னதற்கு நன்றி. காவலாளி தாரியோ சாவியைக் கொடுக்கும்போது, "இந்தத் தூசிய முழுங்கினா ஆயுசுக்கும் தும்மிக்கிட்டே இருப்பம்மா" என்றார். தும்மிக்கொண்டேதான் படித்தேன். 1839-இல், நம் ஊர் போப்பாண்டவரின் ஆட்சியில் இருந்தபோது, நூறு பேர் சேர்ந்து தலைக்கு இருபது ஸ்கூதி வெள்ளி நாணயம் போட்டு ஒரு சேமிப்பு வங்கியைத் தொடங்கினார்கள். ஞாயிறு பூசை முடிந்து வரும் கூலிக்காரர்களும் துணி வெளுக்கும் பெண்களும் சில்லறையைச் சேர்த்து வைப்பதற்காக. பணக்காரர்கள் உள்ளே நுழையக் கூடாது என்று ஒருவர் போடக்கூடிய தொகைக்கு ஒரு வரம்பும் வைத்தார்கள். அந்த நூறு பேரும் வங்கியிலிருந்து கடன் வாங்கக் கூடாது. வங்கிச் செலவில் ஒரு வேளைச் சாப்பாடுகூடச் சாப்பிடக் கூடாது. லாபமெல்லாம் ஊர் ஏழைகளுக்கு. இதைப் படித்தபோது எனக்குப் புல்லரித்தது. நம் ஊரில் இப்படி மனிதர்கள் இருந்திருக்கிறார்கள்!

இனி என் சந்தேகம். 1990-இல் வந்த சட்டத்துக்குப் பிறகு வங்கி ஒரு கம்பெனியாகிவிட்டது. அறக்கட்டளை தனியாகி, அந்தக் கம்பெனியின் பங்குகளை வைத்திருக்கிறது. வங்கி ஈவுத்தொகை கொடுக்கும். அதிலிருந்து அறக்கட்டளை ஊருக்கு ஆம்புலன்ஸ் வாங்கும், பேராலயத்துச் சுவரோவியங்களைப் பழுதுபார்க்கும், என் அண்ணன் நேனோவைப் போல மனவளர்ச்சி குன்றியவர்கள் பகலில் போகிற சான் பியாஜோ இல்லத்தை நடத்தும். இவ்வளவும் புரிகிறது. ஆனால் அறக்கட்டளையின் சொத்தில் பெரும்பகுதி இன்னும் அந்த ஒரே வங்கியின் பங்குகளாகவே இருக்கிறதே, ஏன்? மற்ற ஊர் அறக்கட்டளைகள் பாதிக்கு மேல் விற்று, வேறு வேறு இடங்களில் போட்டுவிட்டன என்று நூலகத்தில் படித்தேன். நாம் ஏன் விற்கவில்லை?

நேனோ உங்களைக் கேட்டதாகச் சொல்லச் சொன்னான். இல்லத்தில் இப்போது துளசிச் செடியைப் போன்ற பசிலிக்கோ நாற்றுகளை நட்டுச் சந்தையில் விற்கிறார்கள். அவன்தான் தட்டு தூக்குகிறான். கீழே போட்டதே இல்லை.

அன்புடன்,
கிளேலியா


மிலான்
23 அக்டோபர் 2012

என் குட்டி வரலாற்றாசிரியைக்கு,

உன் கடிதத்தை இங்கே வங்கிக்காரர்களோடு சாப்பிட உட்காருவதற்கு முன் படித்தேன். அவர்கள் போட்ட மஞ்சள் நிறச் சோற்றைவிட அது எனக்கு ருசித்தது. மிலான்காரர்களைப் பற்றி உனக்கு ஒன்று சொல்கிறேன்: நம்மைப் பார்க்கும்போது மலைநாட்டு ஆட்டிடையர்களைப் பார்ப்பதுபோல் சிரிக்கிறார்கள். சிரித்துக்கொண்டே விலை பேசுகிறார்கள்.

நீ கேட்டதற்குப் பதில் அதுதான். நம் பங்குகளை விற்றிருந்தால் இன்று மொந்தெசாலோவில் ஒரு விவசாயி கடனுக்குக் கையெழுத்துப் போட மிலானில் மாடி ஏற வேண்டியிருக்கும். பத்து வருடத்துக்கு முன் நல்ல விலைக்குக் கேட்டார்கள். அறக்கட்டளைச் சபையில் நான் எழுந்து, "நம்ம மணிக்கூண்ட யாராவது விப்பானா?" என்று ஒரே ஒரு கேள்விதான் கேட்டேன். உன் அப்பா அப்போது உறுப்பினர் இல்லை. மற்றவர்களைக் கேட்டுப் பார், கைதட்டல் எப்படி இருந்தது என்று சொல்வார்கள்.

ஆனால் மகளே, பங்குக் கணக்கெல்லாம் உன் வயதுக்கு உப்புச் சப்பில்லாத விஷயம். கட்டுரையை அந்த நூறு பேரோடு தொடங்கு. நடுவில் ஆம்புலன்ஸ், சுவரோவியம். முடிவில் நேனோவைப் பற்றி ஒரு பத்தி எழுது. தட்டு தூக்குகிறான், கீழே போட்டதே இல்லை என்றாயே, அதையே எழுது. வரலாறு என்பது அதுதான்.

உன் ஞானத்தந்தை,
உபால்தோ


மொந்தெசாலோ
18 நவம்பர் 2012

அன்புள்ள ஞானத்தந்தைக்கு,

கட்டுரையை இத்துடன் அனுப்புகிறேன். நீங்கள் சொன்னபடி நேனோவைப் பற்றிய பத்தி கடைசியில் இருக்கிறது. பங்குகளைப் பற்றிய பத்தியும் இருக்கிறது. அதை எடுக்க எனக்கு மனம் வரவில்லை. 'இந்த வங்கிக்கு ஒரு கெட்ட வருடம் வந்தால் சான் பியாஜோ இல்லத்துக்கும் அதே வருடம் கெட்ட வருடம். அதனால் நேனோவின் மேல் அக்கறை உள்ளவர்கள் பங்குகளில் ஒரு பகுதியையாவது விற்க வேண்டும்' என்று எழுதியிருக்கிறேன். அதற்கு அடுத்த பத்திதான் நேனோ. இரண்டையும் சேர்த்துப் படித்தால்தான் நான் சொல்வது விளங்கும்.

ஜனவரியில் சபை கூடப்போகிறது என்பது வீட்டில் தெரியும். வங்கிக்குப் புது மூலதனம் தேவைப்படுகிறதாம். ஒன்று, மிலான்காரர்களை உள்ளே விட்டுவிட்டு அறக்கட்டளை பின்வாங்க வேண்டும். இல்லையென்றால் அறக்கட்டளையே வேறு வங்கிகளில் கடன் வாங்கி நம் வங்கியின் புதுப் பங்குகளை வாங்க வேண்டும். நேற்று சமையலறையில் இதே பேச்சுதான்.

அம்மா கேட்டாள்: "ஏங்க, தர்மம் பண்றவங்க கடன் வாங்கி பங்கு வாங்குவாங்களா?"

அப்பா: "உனக்கென்ன தெரியும் லொரெதானா? வக்கீலய்யா பாத்துப்பாரு." வீட்டில் அப்பா உங்களை அப்படித்தான் சொல்வார்.

"வக்கீலய்யா பாத்துப்பாருன்னா உங்கள எதுக்கு உறுப்பினராப் போட்டாங்க? தலையாட்டவா?"

அப்பா ரொட்டியைப் பிய்த்து வாயில் போட்டுக்கொண்டார். அவர் நிலம் அளப்பவர். ஊரில் யாராவது வேலியை ஒரு சாண் தள்ளிப் போட்டால் சும்மா இருக்கமாட்டார். சபைக்குப் போகும்போது மட்டும் நீங்கள் பரிசளித்த டையைக் கட்டிக்கொண்டு வேறு ஆளாகிவிடுகிறார். ஆயுள் உறுப்பினர்கள் நூறு பேர், ஒருவர் செத்தால் மற்றவர்கள் சேர்ந்து அடுத்தவரைத் தேர்ந்தெடுக்கிறீர்கள். பெரும்பாலும் செத்தவரின் மகனைத்தான். பெரிய குடும்பம் எதையும் சேராத அப்பாவை உள்ளே கொண்டுவந்தது நீங்கள். அந்த நன்றி அவருக்குத் தொண்டையில் நிற்கிறது.

கட்டுரையில் தப்பு இருந்தால் சொல்லுங்கள். திருத்திக்கொள்கிறேன்.

கிளேலியா


மிலான்
2 டிசம்பர் 2012

அன்பு கிளேலியா,

படித்தேன். மறுபடியும் படித்தேன். என் மனைவிக்குத் தொலைபேசியில் வாசித்துக் காட்டினேன், அவள் அழுதாள். பரிசு உனக்குத்தான். இதில் சலுகை எதுவும் இல்லை. நடுவர்கள் மூவரும் ஒரே மாதிரி சொல்லிவிட்டார்கள்.

நீளம் கொஞ்சம் அதிகம். அங்கங்கே லேசாகக் கத்தரிக்கிறேன், நீ கவலைப்படாதே. சபை கூடும் அன்று, வாக்கெடுப்புக்கு முன், நானே அதை உரக்க வாசிக்கப் போகிறேன். இதுவரை எந்த மாணவிக்கும் அந்தப் பெருமை கிடைத்ததில்லை. மேல்மாடத்தில் உனக்கு ஓர் இருக்கை போடச் சொல்லியிருக்கிறேன். நல்ல உடையாகப் போட்டுக்கொண்டு வா.

உபால்தோ


மொந்தெசாலோ
21 ஜனவரி 2013

ஐயா,

நேற்று சபையில் நடந்ததை நீங்கள் மேடையிலிருந்து பார்த்தீர்கள். மேல்மாடத்திலிருந்து அது எப்படித் தெரிந்தது என்று எழுதுகிறேன்.

பெரிய கூடம். கூரையில் சதைப்பிடிப்பான தேவதைகள். கீழே கருப்பு உடையில் கிழவர்கள், கோட்டுகளிலிருந்து பூச்சி உருண்டை வாசம் மேலே வந்தது. முதல் வரிசையில் அப்பா. அவருக்குப் பக்கத்தில், டை கட்டி, தலைமுடி தண்ணீரால் படிய வாரப்பட்டு, நேனோ. அவன் அங்கே வருவது அம்மாவுக்குத் தெரியாது, எனக்கும் தெரியாது. "வக்கீலய்யா கூட்டிட்டு வரச்சொன்னாரு" என்றார் அப்பா, பிறகு கேட்டபோது.

நீங்கள் வாசித்தீர்கள். நூறு பேர் வந்தார்கள், இருபது ஸ்கூதி வந்தது, துணி வெளுக்கும் பெண்கள் வந்தார்கள். 'வங்கிச் செலவில் சாப்பிடக் கூடாது' என்ற வரி வரவில்லை. 'கடன் வாங்கக் கூடாது' வரவில்லை. பங்குகளைப் பற்றிய பத்தி ஒரு எழுத்துகூட வரவில்லை. 'நேனோவின் மேல் அக்கறை உள்ளவர்கள்' என்பதை மட்டும் அந்தப் பத்தியிலிருந்து பிய்த்தெடுத்து, அவன் தட்டு தூக்கும் பத்தியோடு ஒட்டவைத்து வாசித்தீர்கள். வாசித்து முடித்துக் கண்ணாடியைக் கழற்றினீர்கள். "இந்தப் பிள்ள இங்கதான் உக்காந்திருக்கான். எந்திரிப்பா நேனோ. மிலான்காரன் வந்தா இவனுக்கு யாரு இருக்கா?" என்றீர்கள்.

நேனோ எழுந்தான். கைதட்டினார்கள். அவன் தனக்குப் பரிசு கொடுக்கிறார்கள் என்று நினைத்து எல்லாப் பக்கமும் திரும்பித் தலை வணங்கினான். என் வாயிலிருந்து வந்ததையே மென்று, மறுபடி என் வாயில் ஊட்டியதுபோல் இருந்தது.

பிறகு வாக்கெடுப்பு. அதைப் புத்தகத்தில் படித்தபோது அழகான வழக்கம் என்று நினைத்தவள் நான். ஒவ்வொருவர் கையிலும் வெள்ளை அவரைக்கொட்டை ஒன்று, கருப்பு ஒன்று. மூடிய கையை வெல்வெட் பைக்குள் விட்டு ஒன்றைப் போட்டுவிட்டு, மிச்சத்தை அடுத்த பையில் போட வேண்டும். யார் எதைப் போட்டார் என்று யாருக்கும் தெரியாது. வெள்ளை என்றால் சம்மதம். எல்லாரும் போட்ட பிறகு கடைசியாகத் தலைவர். பையைத் தட்டில் கவிழ்த்தபோது எல்லாம் வெள்ளை. நடுவில் ஒன்று மட்டும் கருப்பு. கூடத்தில் யாரோ, "எவன்டா அது?" என்றார். சிரிப்பு. அறக்கட்டளை கடன் வாங்கும், வங்கி நம் ஊருடையதாகவே இருக்கும் என்று அறிவித்தீர்கள்.

அதன் பிறகு விருந்து. ஆட்டுக்கறி, உள்ளே இறைச்சி வைத்துப் பொரித்த ஆலிவ், பெரிய பெரிய தட்டுகளில். அறக்கட்டளைச் செலவில். மருந்துக்கடை முதலாளி கொழுப்பு ஒட்டிய விரலால் என் கன்னத்தைத் தட்டி, "உன் அண்ணன் எங்க எல்லாரையும் அழவச்சிட்டான் போ" என்றார். அந்தக் கன்னத்தை வீட்டுக்கு வந்து சோப்புப் போட்டுத் தேய்த்தேன்.

பரிசுப் பதக்கத்தைத் தாரியோவிடம் திருப்பிக் கொடுத்துவிட்டேன்.

கிளேலியா


மொந்தெசாலோ
26 ஜனவரி 2013

கிளேலியா,

உன் கடிதத்தில் 'ஐயா' என்று தொடங்கியதை உன் வயதின் கோபம் என்று எடுத்துக்கொள்கிறேன். இரண்டு தெரு தள்ளி இருந்துகொண்டு வீட்டுக்கு வர மறுக்கிறாய், என் மனைவி கொடுத்தனுப்பிய பண்டத்தையும் திருப்பி அனுப்பியிருக்கிறாய். போகட்டும்.

நான் பொய் எதையும் வாசிக்கவில்லை. உன் சொற்களைத்தான் வாசித்தேன். ஒரு கட்டுரையைச் சுருக்குவது குற்றமென்றால் எல்லாப் பத்திரிகை ஆசிரியர்களையும் சிறையில் போட வேண்டும். மக்கள் எண்களுக்காக மனம் இறங்கமாட்டார்கள், முகத்துக்காகத்தான் இறங்குவார்கள். உன் அண்ணனின் முகம் இந்த ஊரின் வங்கியைக் காப்பாற்றியது. பெருமைப்படு.

இன்னொன்று. அந்தக் கருப்பு அவரையைப் பற்றி ஊர் முழுக்கப் பேசுகிறார்கள். சபையில் இதுவரை கருப்பு விழுந்ததில்லை. அது எங்கள் வழக்கம். உன் கட்டுரையில் பங்குகளைப் பற்றி இருந்த அந்தப் பத்தியை நடுவர்கள் படித்திருக்கிறார்கள். அவர்கள் வாயை நான் கட்ட முடியாது. உன் அப்பாவின் பெயர் அடிபடுகிறது. நான் என்னாலானதைச் சொல்லிப் பார்க்கிறேன். நீயும் கொஞ்சம் நாவை அடக்கினால் அவருக்கு நல்லது. இல்லத்துக்குப் போய்வரும் நேனோவுக்கும்.

உபால்தோ


மொந்தெசாலோ
10 மார்ச் 2013

ஐயா,

உங்கள் கடைசி வரியைப் பல முறை படித்தேன். மிரட்டுவதற்குக்கூட நேனோவைத்தானா பிடித்தீர்கள்?

அப்பாவின் நிலைமை உங்களுக்குத் தெரிந்திருக்கும். காப்பிக்கடையில் அவர் போய் நின்றால் பேச்சு நின்றுவிடுகிறது. நேற்று நானும் கூட இருந்தேன். கறிக்கடைக்காரர் எல்லோருக்கும் கேட்கும்படி, "அமேதேயோ, கருப்புக் காப்பியா? உனக்குக் கருப்புதான புடிக்கும்!" என்றார். அப்பா குடிக்காமல் காசை வைத்துவிட்டு வெளியே வந்தார். நிலம் அளக்கக் கூப்பிட்டிருந்த இரண்டு பேர் வேறு ஆளை வைத்துக்கொண்டார்கள்.

வழியில் நான் கேட்டேன்: "அப்பா, நீங்கதான் போட்டீங்களா?"

"சத்தியமா இல்லடி. மாதா மேல ஆணை. வெள்ளைதான் போட்டேன்."

அவர் கண்ணில் தண்ணீர். தன்னை நம்பச் சொல்லிக் கெஞ்சினார். நம்பினேன். உங்களிடம் சொல்வதற்கு வெட்கமாக இருக்கிறது: அவர் கருப்புப் போட்டிருப்பார் என்று நான் இத்தனை நாள் ரகசியமாக நினைத்துக்கொண்டிருந்தேன். காப்பிக்கடைச் சிரிப்பையெல்லாம் அந்த நினைப்பில்தான் தாங்கிக்கொண்டேன். வெள்ளை என்று அவர் சொன்னதும் எனக்கு அவர் கையைப் பிடிக்கவே அருவருப்பாக இருந்தது. பெற்ற அப்பாவின் கை அது.

இனி எழுதமாட்டேன்.

கிளேலியா


மொந்தெசாலோ
16 பிப்ரவரி 2014

ஐயா,

எழுதமாட்டேன் என்று சொன்னேன். ஆனால் கேட்பதற்கு வேறு ஆள் இல்லாததால் எழுதுகிறேன்.

ரோமிலிருந்து ஆணையர்கள் வந்து வங்கியைக் கையில் எடுத்த அதே வாரம் நீங்கள் ராஜினாமா செய்துவிட்டுக் கடற்கரை வீட்டுக்குப் போய்விட்டீர்கள். இங்கே இருப்பவர்களுக்குத் தினமும் செய்தித்தாளில் ஒரு புதுச் செய்தி. வராக் கடன்கள் மலைபோல. அவற்றில் பாதி யாருடையது என்று பார்த்தால் சபை உறுப்பினர்களுடையது. மருந்துக்கடை முதலாளியின் பாதியில் நிற்கும் ஹோட்டல், இன்னொருவரின் ஆளில்லாத குடியிருப்பு. வங்கியிலிருந்து கடன் வாங்கக் கூடாது என்று முதல் நூறு பேர் எழுதிவைத்த அதே சபை! அறக்கட்டளை கடன் வாங்கி வாங்கிய பங்குகளுக்கு இன்று காகித விலைகூட இல்லை. கடன் மட்டும் அப்படியே இருக்கிறது.

சான் பியாஜோ இல்லம் மார்ச் முடிவில் மூடப்படும் என்று அறிவிப்பு வந்துவிட்டது.

என் கோரிக்கை இதுதான். அறக்கட்டளையில் இன்னும் உங்கள் சொல்லுக்கு மதிப்பு இருக்கிறது. மாளிகையில் விருந்துக்கூடத்து ஓவியங்கள் இருக்கின்றன, மாளிகையே இருக்கிறது. கடன்காரர்கள் எடுப்பதற்கு முன் அதில் ஒரு பங்கையாவது இல்லத்துக்கு ஒதுக்க வழி உண்டா? ஒரு வருடம் ஓடினால் போதும், அதற்குள் நகராட்சியைக் கெஞ்சிப் பார்க்கலாம் என்கிறார் இல்லத்துத் தலைவி. இதற்காக நான் உங்களை மறுபடி ஞானத்தந்தை என்று கூப்பிட வேண்டுமென்றால் கூப்பிடுகிறேன்.

கிளேலியா


கடற்கரை வீடு, செனிகாலியா
6 ஏப்ரல் 2014

அன்பு கிளேலியா,

தாமதத்துக்கு மன்னித்துவிடு. என் வக்கீல்கள் யாருக்கும் எதுவும் எழுத வேண்டாம் என்கிறார்கள். வக்கீலுக்கே வக்கீல்கள், பார்த்தாயா.

ஓவியங்களைப் பற்றி நான் செய்யக்கூடியது எதுவும் இல்லை. எல்லாவற்றுக்கும் முத்திரை வைத்துவிட்டார்கள். இல்லம் மூடப்பட்டதைக் கேட்டேன். வருத்தமாக இருக்கிறது.

ஆனால் நீ என்னை எவ்வளவு கீழாக நினைக்கிறாய் என்பது என்னைத் தூங்கவிடவில்லை. அதனால் ஒரு உண்மையைச் சொல்கிறேன். என் மனைவிக்குக்கூடத் தெரியாது. அந்தக் கருப்பு அவரை என்னுடையது.

ஆம், நான்தான் போட்டேன். மிலானில் எண்களைப் பார்த்தவன் நான். வங்கி தேறாது என்று எனக்கு அப்போதே தெரியும். ஆனால் நான் என்ன செய்ய முடியும் சொல்? சபை முழுக்கத் தங்கள் வங்கி என்று நெஞ்சை நிமிர்த்தி உட்கார்ந்திருக்கிறது. தலைவன் எழுந்து 'விற்றுவிடுவோம்' என்றால் என் பெயரை ஊர் நூறு வருடத்துக்குத் துப்பும். அவர்கள் கேட்க விரும்பியதைச் சொன்னேன். ஆனால் பைக்குள் கை போனபோது என் மனசாட்சி சொன்னதைச் செய்தேன். அந்தக் கூடத்தில் உன் கட்டுரையை உண்மையில் புரிந்துகொண்டவன் நான் ஒருவன்தான் மகளே. நீ வெட்டுப்பட்டது என்று அழுத அந்தப் பத்திக்கு ஒரே ஓட்டு விழுந்தது. அது என் ஓட்டு.

இதை நான் சாகும்வரை உனக்குள் வைத்துக்கொள். விசாரணை நடக்கிறது, வெளியே தெரிந்தால் ஆபத்து. நீயாவது என்னைப் பற்றி நல்லபடியாக நினைக்க வேண்டும் என்பதற்காகத்தான் எழுதினேன்.

உன் ஞானத்தந்தை,
உபால்தோ


மொந்தெசாலோ
13 ஏப்ரல் 2014

ஐயா,

உங்கள் கடிதம் வந்த அன்று சாப்பாட்டு மேசையில் அதை அப்பாவுக்கும் அம்மாவுக்கும் படித்துக் காட்டிவிட்டேன். ஒரு வருடத்துக்கும் மேலாக அப்பா உங்கள் கருப்பு அவரையைச் சுமந்து திரிந்திருக்கிறார். அவருக்குத் தெரிய வேண்டாமா?

படித்து முடித்தேன். அம்மா எழுந்து போய்ச் சாளரத்தைத் திறந்துவிட்டாள், வீட்டுக்குள் ஏதோ நாறுவதுபோல. அப்பா காகிதத்தை வாங்கி உங்கள் கையெழுத்தைத் தடவிப் பார்த்தார். அவர் கோபப்படுவார், மேசையை உதைப்பார், உங்கள் பெயரைச் சொல்லித் திட்டுவார் என்று காத்திருந்தேன். அவர் சொன்னதை அப்படியே எழுதுகிறேன், இதைப் படித்து நீங்கள் சந்தோஷப்படக்கூடும்:

"பாத்தியாடி, அவருக்கு எல்லாம் தெரிஞ்சிருக்கு. பெரிய மனுஷன்னா சும்மாவா. சபையில ஒருத்தராவது சரியாப் போட்டாரே."

"உங்கள ஊரே துப்பிச்சேப்பா! அவர் ஒரு வார்த்த சொல்லலயே!"

"அவருக்கு என்ன கஷ்டமோ" என்றார் அப்பா. சொல்லிவிட்டு உங்கள் கடிதத்தைக் கவனமாக மடித்து என்னிடம் கொடுத்தார்.

குளியலறைக்குப் போய் வாந்தி எடுத்தேன். உண்மையாகவே.

உங்கள் மனசாட்சியைப் பற்றி எழுதியிருந்தீர்கள். நீங்கள் கடைசியாகப் போடுகிறவர். உங்களுக்கு முன்னால் எல்லாரும் வெள்ளை போட்டுவிட்டார்கள் என்பது அவர்கள் முகத்திலேயே எழுதியிருந்தது. அவர்களை அழவைத்து, என் அண்ணனை எழுப்பி நிறுத்தி, வெள்ளை போடவைத்துவிட்டு, இனி எதுவும் மாறாது என்று உறுதியான பிறகு உங்கள் கையை மட்டும் கழுவிக்கொண்டீர்கள். தெரியாமல் வெள்ளை போட்டவர்கள் முட்டாள்கள், கோழைகள், என் அப்பா உட்பட. அவர்களைப் பார்த்து எனக்குக் கோபம் வருகிறது. உங்களைப் பார்த்துக் கோபம் வரவில்லை. தட்டில் இருந்த கறியில் புழுவைப் பார்த்தால் யாருக்கும் கோபம் வராது.

சனிக்கிழமை திரையரங்கில், பங்கு வாங்கிப் பணத்தை இழந்தவர்கள் கூடுகிறார்கள். கறிக்கடைக்காரரும் வருவார், அவரும் இழந்தவர்தான். அங்கே உங்கள் கடிதத்தை வாசிப்பேன். அப்பா வேண்டாம் என்கிறார், அம்மா நானும் வருகிறேன் என்கிறாள். விசாரணை அதிகாரிகளுக்கும் ஒரு நகல் அனுப்பிவிட்டேன். ரகசியம் காப்பதாக நான் உங்களுக்கு எந்த வாக்கும் கொடுக்கவில்லை.

நேனோவைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை. ஆனாலும் சொல்கிறேன். இல்லம் மூடிவிட்டது என்று அவனிடம் பல முறை சொல்லிவிட்டோம். அவன் சரி என்று தலையாட்டுகிறான். மறுநாள் காலை கோட்டை மாட்டிக்கொண்டு, இல்லத்து வேன் வரும் என்று வாசற்படியில் போய் நிற்கிறான். அம்மா வேலைக்குப் போக முடியாமல் அவனோடு இருக்கிறாள். அடுத்த வருடம் நான் படிக்கப் போவதாக இருந்த பொலோஞா பல்கலைக்கழகத்தைப் பற்றி வீட்டில் யாரும் இப்போது பேசுவதில்லை. நேற்று அவன், "நான் தட்டக் கீழ போட்டுட்டேனா?" என்று அம்மாவிடம் கேட்டான். தான் ஏதோ தப்பு செய்ததால்தான் வேன் வரவில்லை என்று நினைத்துக்கொண்டிருக்கிறான். இல்லை என்று நாங்கள் எத்தனை முறை சொன்னாலும் நம்ப மறுக்கிறான்.

உங்களை அவனுக்குப் பிடிக்கும். நீங்கள் சொன்னால் நம்புவான். ஏதாவது ஒரு காலையில் வாருங்கள், அவன் வாசலில்தான் நிற்பான். என்னிடம் ஒரு வார்த்தையும் பேச வேண்டாம். அவனுக்கு முன்னால் நின்று, அது யார் செய்த தப்பு என்று அவனுக்குப் புரிகிற மாதிரி சொல்லிவிட்டுப் போங்கள்.

கிளேலியா